எம்.இ. புராஜெக்டில் கம்பியில்லா வலையமைப்பு: ரூட்டிங், நெரிசல் கட்டுப்பாடு எடுத்தவர்களுக்குத் தலைப்பு முதல் வைவா வரை

மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய பத்து நாட்களுக்குள் புராஜெக்ட் தலைப்பைக் கேட்டுவிடுவார்கள். நானும் அவசரத்தில் "கம்பியில்லா வலையமைப்புகளில் ரூட்டிங்கும் நெரிசல் கட்டுப்பாடும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு பதின்மூன்று வாரங்கள் வீணாயின. ஐந்து வாரம் ஒரு பழைய மென்பொருளை நிறுவுவதில் போனது. ஆறு வாரம், நெரிசலே ஏற்படாத வலையமைப்பில் நெரிசலைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது ரிவியூவில் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட நேர்ந்து, மீதி இரண்டு வாரமும் கரைந்தது. என் வகுப்பில் இதே துறையை எடுத்த மற்ற மூவரும் ஏறக்குறைய இதே பாடுதான் பட்டார்கள்.

இந்தத் தலைப்பை எடுத்திருப்பவர்களுக்கும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், பிஎச்.டி. முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் போன வழியை அல்ல, போயிருக்க வேண்டிய வழியை வரிசைப்படுத்தியிருக்கிறேன். இளநிலையில் கணினி வலையமைப்புப் பாடம் படித்திருப்பீர்கள், சி++ ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றுங்கள் (முதல் வாரம்)

"திறன்மிகு", "மேம்படுத்தப்பட்ட", "பாதுகாப்பான" என்று தொடங்கும் தலைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். முதல் ரிவியூவிலேயே "எதைவிட மேம்பட்டது?" என்று கேட்பார்கள். நீங்கள் கட்டும் வலையமைப்பு எது, கணுக்கள் (வலையமைப்பில் உள்ள கருவிகள்) அசையுமா அசையாதா, ரூட்டிங் நெறிமுறை (பாக்கெட் எந்த வழியாகப் போவது என்று முடிவெடுக்கும் விதிகள்) எது, டிசிபியில் (தரவு தொலையாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) எந்த வகை என்ற நான்கும் தலைப்பைப் படித்ததும் தெரிந்துவிட வேண்டும்.

ஒரு நல்ல கேள்வியைச் சொல்கிறேன். "அசையாத கம்பியில்லா வலையமைப்பில், ஏஓடிவி என்ற ரூட்டிங் நெறிமுறை வழி அறுந்துவிட்டதாகத் தவறாக முடிவெடுப்பது டிசிபியின் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது?" இதை அளக்க முடியும். காரணத்தை விளக்க முடியும். காரணம் தெரிந்தபின் ஒரு தீர்வையும் முன்வைக்க முடியும். முதல் கட்டத்துக்கு அளப்பதும் விளக்குவதும், இரண்டாம் கட்டத்துக்குத் தீர்வும் என்று வேலை தானாகப் பிரிந்துவிடும்.

வாகன வலையமைப்பு, உணரி வலையமைப்பு, ட்ரோன் என்று ஆசைப்பட வேண்டாம். அசையாத கணுக்களில் நடப்பதை விளக்கத் தெரியாதவர், அசையும் கணுக்களில் கிடைக்கும் எண்ணுக்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

2. படிக்க வேண்டிய ஆவணங்கள் (இரண்டு முதல் நான்காம் வாரம் வரை)

நாற்பது ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவிறக்கிச் சுருக்கம் மட்டும் படித்து அட்டவணை போடுவதுதான் வழக்கம். நானும் செய்தேன், ஒன்றும் புரியவில்லை. மூல ஆவணங்களைப் படித்த பிறகே அந்தக் கட்டுரைகள் என்ன பேசுகின்றன என்று பிடிபட்டது. எல்லாம் இலவசம்.

முதலில் ஆர்எஃப்சி 5681 (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசையில் ஒன்று). டிசிபியின் நெரிசல் கட்டுப்பாடு இதில் இருக்கிறது. மெதுவான தொடக்கம், நெரிசல் தவிர்ப்பு, விரைவு மறு அனுப்பல் மூன்றையும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து படியுங்கள். அடுத்தது ஆர்எஃப்சி 6298. 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கணக்கைச் சொல்லும் சிறிய ஆவணம். குறைந்தபட்சக் காத்திருப்பு 1 நொடி, ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அது இரட்டிப்பாகும் என்ற இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது படியில் இவை தேவைப்படும்.

பிறகு ரூட்டிங். ஏஓடிவிக்கு 2003இல் வந்த ஆர்எஃப்சி 3561. மொத்தம் 37 பக்கம்தான். அதன் பத்தாவது பிரிவில் எல்லா இயல்பு மதிப்புகளும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அதை அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ஹலோ செய்தி 1 நொடிக்கு ஒரு முறை, இரண்டு ஹலோ தவறினால் அண்டைக்கணு போய்விட்டது என்று பொருள், பயன்படாத வழி 3 நொடியில் காலாவதி. வைவாவில் இந்த எண்கள் கேட்கப்படும். ஒப்பிட இன்னொன்று வேண்டுமென்றால் ஓஎல்எஸ்ஆர், ஆர்எஃப்சி 3626. ஏஓடிவி தேவைப்படும்போது மட்டும் வழி தேடும், ஓஎல்எஸ்ஆர் எப்போதும் வழிகளைத் தயாராக வைத்திருக்கும் என்பதால் இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது.

முந்தைய ஆய்வேடுகளைப் பார்க்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் சேமிப்பகமான சோத்கங்கா தளம் போதும். அறிக்கையின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இரண்டு ஆய்வேடுகளைப் புரட்டினால் போதுமானது.

3. மென்பொருள் (ஐந்தாம் வாரம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்)

சீனியர்கள் ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, "என்எஸ்-2, எல்லாம் இதில் இருக்கிறது" என்பார்கள். நல்ல மனதோடுதான் கொடுப்பார்கள். வாங்கி ஒரு பக்கமாக வைத்துவிடுங்கள். என்எஸ்-2 என்பது வலையமைப்பைக் கணினிக்குள்ளேயே உருவகித்து ஓட்டும் மென்பொருள். கடைசியாக 2.35 என்ற பதிப்பாக 2011இல் வந்தது. இன்றைய உபுண்டுவில் வரும் சி++ கம்பைலர் அதை ஏற்காது. லிங்க்ஸ்டேட் அடைவில் இருக்கும் எல்எஸ்.ஹெச் கோப்பின் 137ஆவது வரியில் முதல் பிழை வரும். 'இரேஸ்' என்ற அழைப்புக்கு முன்னால் 'திஸ்' சுட்டியைச் சேர்த்தால் அது தீரும். தீர்ந்ததும் அடுத்த பிழை வரும். அதைத் தீர்க்கப் பழைய கம்பைலரை நிறுவுவீர்கள், அது வேறொன்றைக் கெடுக்கும். என் ஐந்து வாரம் இப்படித்தான் போனது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் முந்தைய வேலை முழுவதும் என்எஸ்-2இல் இருந்து, அதையே நீட்டிக்கச் சொன்னால் மட்டும் அதைத் தொடுங்கள். அப்போதும் பழைய உபுண்டுவை மெய்நிகர் கணினியில் நிறுவி, அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லோருக்கும் அதே வேலைக்குப் புதிதாக எழுதப்பட்ட என்எஸ்-3. கட்டணம் இல்லை. ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர், டிஎஸ்டிவி, டிஎஸ்ஆர் என்ற ரூட்டிங் நெறிமுறைகள் நான்கும் உள்ளேயே இருக்கின்றன. டிசிபியில் நியூரினோ, கியூபிக், வேகஸ், வெனோ, பிபிஆர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். நான் செய்த ஒரே செலவு, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதுதான். 1,800 ரூபாய் ஆனது.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, எந்தப் பதிப்பில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். நடுவில் புதிய பதிப்பு வந்தாலும் மாறாதீர்கள். இயல்பு மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், நேற்றைய வரைபடமும் இன்றைய வரைபடமும் ஒத்துப்போகாது. இரண்டாவது, கட்டமைக்கும்போது 'ஆப்டிமைஸ்டு' என்ற வகையும் இருக்கிறது. பிழை தேடும்போது சாதாரண வகையில் ஓட்டுங்கள், முடிவுகளை எடுக்கும்போது ஆப்டிமைஸ்டு வகைக்கு மாறுங்கள். என் கணினியில் இது ஐந்து மடங்கு வேகம் கொடுத்தது. ஆனால் ஆப்டிமைஸ்டு வகையில் பதிவுச் செய்திகள் ஒன்றும் திரையில் வராது. வரவில்லையே என்று நான் ஒரு முழு நாள் தேடியிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் "புராஜெக்ட் சென்டர்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் என்னிடம் 25,000 ரூபாய் கேட்டார்கள். நிரல், அறிக்கை, கட்டுரை எல்லாம் சேர்த்து. என் நண்பர் ஒருவர் வேறோர் இடத்தில் வாங்கினார். வரைபடங்கள் அழகாக இருந்தன. அவற்றை உண்டாக்கிய நிரலை ஓட்டினால் அந்த எண்கள் வரவில்லை. இரண்டாம் ரிவியூவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பணமும் திரும்பவில்லை.

4. முதல் சோதனை: எட்டுக் கணுக்கள், ஒரு நேர்கோடு (ஆறு முதல் ஒன்பதாம் வாரம் வரை)

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இதைச் சரியாகச் செய்தால் மீதி வேலை சுலபமாகிவிடும்.

எட்டுக் கணுக்களை 200 மீட்டர் இடைவெளியில் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். 0 முதல் 7 வரை எண் கொடுங்கள். ஒவ்வொன்றின் எட்டும் தூரம் 250 மீட்டர். ஆக, ஒவ்வொரு கணுவும் பக்கத்துக் கணுவோடு மட்டும் பேச முடியும். அசைவு வேண்டாம். கணு 0இலிருந்து கணு 7க்கு ஒரே ஓட்டம். முதலில் யுடிபி (ஒப்புகையோ நெரிசல் கட்டுப்பாடோ இல்லாத எளிய நெறிமுறை), பிறகு டிசிபி.

யுடிபியில் ஒரு தாவலுக்கு (ஒரு கணுவிலிருந்து பக்கத்துக் கணுவுக்கு), இரண்டு தாவலுக்கு, மூன்றுக்கு என்று ஏழு வரை வேகத்தை அளந்து எழுதுங்கள். தாவல் கூடக் கூட வேகம் சரிவதைப் பார்ப்பீர்கள். ஏன் என்பதைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். 0 அனுப்பும்போது 1 கேட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் 1 அனுப்ப முடியாது. 2 அனுப்பினால் அது 1இன் காதில் விழுந்து 0 சொல்வதைக் கெடுக்கும், அதனால் 2ம் அனுப்ப முடியாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒவ்வொரு கணுவுக்கும் கிடைக்கும். நிஜ வானொலியில் ஒரு கணுவின் இடையூறு, அதன் பேச்சு எட்டும் தூரத்தைத் தாண்டியும் போகும். என்எஸ்-2இன் இயல்பு மதிப்பில் பேச்சு 250 மீட்டர், கேட்பு 550 மீட்டர். அப்போது 400 மீட்டர் தள்ளியிருக்கும் 3ம் 1ஐக் கெடுக்கும், பங்கு நான்கில் ஒன்றாகக் குறையும். 2001இல் எம்ஐடி ஆய்வாளர்கள் இதையே செய்து பார்த்தார்கள். கணக்குப்படி நான்கில் ஒன்று வர வேண்டிய இடத்தில், வைஃபையின் நெறிமுறையால் ஏழில் ஒன்றுதான் எடுக்க முடிந்தது.

நீங்கள் என்எஸ்-3இல் தூர வரம்பு மாதிரியை எடுத்தால் 250 மீட்டருக்கு அப்பால் இடையூறு ஒரு துளியும் இருக்காது. தூரம் கூடக் கூட அலை படிப்படியாக வலுவிழக்கும் ஃப்ரீஸ் போன்ற மாதிரியை எடுத்தால் இருக்கும். எதை எடுத்தீர்கள், அதனால் உங்கள் உச்ச வரம்பு மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா என்பதை அறிக்கையில் எழுதுங்கள். என் வெளித்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இனி டிசிபி. இங்கே நெரிசல் சாளரத்தின் (ஒப்புகை வருமுன் டிசிபி வெளியே விடும் பாக்கெட்டுகளின் வரம்பு) அளவை நொடிக்கு நொடி ஒரு கோப்பில் எழுத வையுங்கள். கூடவே கணு 0இன் வைஃபை அடுக்கில் கைவிடப்பட்ட சட்டங்களையும் (ஃப்ரேம்கள்), ஏஓடிவி அனுப்பும் வழித்தேடல் செய்திகளையும் நேரத்தோடு எழுத வையுங்கள். மூன்று கோப்புகளையும் நேரவாரியாக ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். நான் முதன்முதலில் அப்படி அடுக்கிப் பார்த்தது ஓர் இரவு பதினோரு மணிக்கு. அதில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

சாளரம் ஏறிக்கொண்டே போகிறது. கணு 0 ஒரு சட்டத்தை 1க்கு அனுப்புகிறது. அதே நேரத்தில் 2 வேறொரு பாக்கெட்டை 3க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. 400 மீட்டருக்கு அப்பால் இருக்கும் 2 பேசுவது 0க்குக் கேட்கவில்லை, ஊடகம் காலியாக இருப்பதாக நினைத்து அனுப்புகிறது. 1இன் காதில் இரண்டும் மோதுகின்றன. 0 மறுபடி முயல்கிறது. மறுபடி மோதல். ஏழு முறை முயன்று தோற்றதும் வைஃபை அடுக்கு அந்தச் சட்டத்தைக் கைவிட்டு, "1 எட்டவில்லை" என்று மேலே சொல்கிறது. ஏஓடிவி அதை நம்பி, வழி அறுந்துவிட்டது என்று முடிவெடுத்து, வழியை அழிக்கிறது. உடனே புதிய வழியைத் தேடி வலையமைப்பு முழுவதும் செய்தி பரப்புகிறது. ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கும் ஊடகத்தில் இது மேலும் சுமை. ஒப்புகை வராத டிசிபி 1 நொடி காத்திருந்து, சாளரத்தை ஒரே ஒரு பாக்கெட் அளவுக்குக் குறைத்து மறுபடி அனுப்புகிறது. வழி இன்னும் கிடைக்கவில்லை. அடுத்து 2 நொடி, பிறகு 4 நொடி காத்திருப்பு. வழி கிடைத்த பிறகும் டிசிபி தன் 4 நொடியை எண்ணிக்கொண்டு சும்மா இருக்கிறது.

இத்தனைக்கும் கணு 1 இருந்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடை கூட நகரவில்லை.

டிசிபி தன் பாக்கெட்டுகளாலேயே மோதலை உண்டாக்கியது. ஏஓடிவி அந்த மோதலை வழி அறுந்ததாகப் படித்தது. வழி இல்லாத நேரத்தை டிசிபி கடும் நெரிசலாகப் படித்தது. ரூட்டிங்கையும் நெரிசல் கட்டுப்பாட்டையும் ஒரே தலைப்பில் சேர்த்து எடுப்பதன் காரணமே இந்தச் சுழல்தான். இதை உங்கள் கண்ணால், உங்கள் கோப்பில் பார்க்காமல் "புதிய நெறிமுறை" எழுத உட்காராதீர்கள்.

பார்த்த பிறகு மூன்று சிறு மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். அனுப்புமுன் அனுமதி கேட்டுப் பெறும் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் கைகுலுக்கலை இயக்குங்கள், இயல்பாக அது அணைந்தே இருக்கும். டிசிபியின் பெறும் இடையகத்தைச் சுருக்கிச் சாளரம் இரண்டு, மூன்று பாக்கெட்டைத் தாண்டாதபடி கட்டுங்கள். நேர்கோட்டு வலையமைப்பில் தாவல் எண்ணிக்கையின் நான்கில் ஒரு பங்கு சாளரமே போதுமானது என்று 2003இல் காட்டியிருக்கிறார்கள், ஏழு தாவலுக்கு அது சுமார் இரண்டு பாக்கெட். மூன்றாவதாக, ஏஓடிவி ஒரே ஒரு தோல்வியில் வழியை அழிக்காமல் அடுத்தடுத்த தோல்விகளை எண்ணும்படி மாற்றுங்கள். எது எவ்வளவு உதவுகிறது என்று அளந்தால், உங்கள் இரண்டாம் கட்டத்துக்கான யோசனை அங்கேயே கிடைத்துவிடும்.

5. உங்கள் வலையமைப்பில் நெரிசல் இருக்கிறதா என்று பாருங்கள் (பத்தாம் வாரம்)

என் ஆறு வாரத்தை விழுங்கிய இடம் இது. நான்காம் படியைத் தாண்டிக் குதித்து, நான் நேராக இங்கே வந்ததே தவறு.

என்எஸ்-3இன் எடுத்துக்காட்டுகளில் 'மானெட் ரூட்டிங் கம்பேர்' என்ற நிரல் இருக்கிறது. பெரும்பாலானோர் அதிலிருந்துதான் தொடங்குகிறோம். 50 கணுக்கள், 300க்கு 1500 மீட்டர் பரப்பு, நொடிக்கு 20 மீட்டர் வேகம், 200 நொடி ஓட்டம். எல்லாம் ஆய்வுக் கட்டுரையில் இருப்பதைப் போலவே தோன்றும். ஆனால் அதில் பத்து இணைகள், ஒவ்வொன்றும் நொடிக்கு நான்கு பாக்கெட், பாக்கெட்டுக்கு 64 பைட்டுதான் அனுப்புகின்றன. பத்தும் சேர்ந்து நொடிக்கு சுமார் 20 கிலோபிட். நிரலின் தொடக்கக் குறிப்பு சொல்லும் ஊடக வேகம் 2 மெகாபிட். நூற்றில் ஒரு பங்கு. மேலும் அது யுடிபி, அதில் நெரிசல் கட்டுப்பாடு என்ற ஒன்றே கிடையாது. ரூட்டிங்கை ஒப்பிடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது, அந்த வேலைக்கு அது சரிதான். நான் அதை வைத்துக்கொண்டு நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளை மாற்றி மாற்றி ஓட்டி, எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பயன்பாட்டை டிசிபிக்கு மாற்றுங்கள். சுமையைப் படிப்படியாக ஏற்றுங்கள். எந்தச் சுமையில் வரிசைகள் நிரம்பத் தொடங்குகின்றன என்று கண்டுபிடித்து, அதற்குக் கீழே இரண்டு புள்ளி, மேலே மூன்று புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். டிசிபியின் பாக்கெட் அளவு இயல்பாக 536 பைட்டாக இருக்கும், அதையும் தெரிந்தே வையுங்கள். நெரிசல் கட்டுப்பாட்டு வகையை நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள், இயல்பு மதிப்பை நம்ப வேண்டாம்.

வரிசை நிரம்புகிறது என்றேன். எந்த வரிசை என்பது அடுத்த கேள்வி. மூன்று இடங்களில் பாக்கெட் காத்திருக்கிறது. வழி தேடும் நேரத்தில் ஏஓடிவி தானே பிடித்துவைக்கும் வரிசை ஒன்று, இயல்பாக 64 பாக்கெட், 30 நொடி. முகவரி ஒதுக்கும்போது தானாகவே நிறுவப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வரிசை இன்னொன்று. வைஃபை அடுக்கின் உள்வரிசை மூன்றாவது, அதில் 500 பாக்கெட் வரை கொள்ளும், ஆனால் அரை நொடிக்கு மேல் தங்கிய பாக்கெட் தூக்கி எறியப்படும். பாக்கெட் எங்கே இறந்தது என்பதை இந்த மூன்று இடங்களிலும் தனித்தனியாக எண்ணுங்கள். மொத்த இழப்பு என்று ஒரே எண்ணைக் கொடுத்தால், அது நெரிசலா, மோதலா, வழி இல்லாமையா என்று உங்களுக்கே தெரியாது.

6. அளவைகளில் ஏமாறாதீர்கள்

என்எஸ்-3இன் அளவீட்டுக் கருவியான ஃப்ளோ மானிட்டர் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தரும் பட்டியலில் உங்கள் தரவு ஓட்டங்கள் மட்டும் இருக்காது. டிசிபியின் ஒப்புகைகள் திரும்பி வருவது தனி ஓட்டமாக இருக்கும். ஏஓடிவியின் பதில் செய்திகளும் 654 என்ற போர்ட் எண்ணோடு ஓட்டங்களாக நிற்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை. போர்ட் எண்ணைப் பார்த்து வடிகட்டுங்கள்.

டிசிபிக்குப் "பாக்கெட் சேர்ந்த விகிதம்" வரைபடம் போடுவதையும் விட்டுவிடுங்கள். தொலைந்ததை டிசிபி மறுபடி அனுப்பிவிடும். பெறும் பயன்பாட்டின் கைக்கு எத்தனை பைட் வந்து சேர்ந்தது, எவ்வளவு தாமதம், எத்தனை முறை காத்திருப்பு நேரம் முடிந்தது என்ற மூன்றும் போதும். ரூட்டிங் சுமையைத் தனி வரைபடமாகக் காட்டுங்கள்.

7. எத்தனை முறை ஓட்டுவது, எவ்வளவு நேரம் ஆகும்

இரண்டாம் ரிவியூவில் என்னைக் கேட்ட கேள்வி: "இந்தப் புள்ளி எத்தனை ஓட்டங்களின் சராசரி?" ஒன்று என்றேன். அறை அமைதியாகிவிட்டது.

ஒரே ஓட்டத்தின் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. என்எஸ்-3இல் விதை எண்ணை (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்) அப்படியே வைத்து, ஓட்ட எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றுங்கள். குறைந்தது பத்து, முடிந்தால் முப்பது. சராசரியோடு 95 சதவீத நம்பக எல்லையையும் வரைபடத்தில் போடுங்கள். இரண்டு கோடுகளின் எல்லைகள் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், "என் முறை சிறந்தது" என்று எழுதாதீர்கள். 2000 முதல் 2005 வரை மொபிஹாக் என்ற கம்பியில்லா வலையமைப்பு மாநாட்டில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், மறுபடி செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் உள்ளவை 15 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். பெரிய மாநாட்டின் நிலையே அது என்பதால், இந்த ஒழுங்கு உங்களிடம் இருந்தால் தேர்வாளர் கவனிப்பார்.

நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். இரண்டு ரூட்டிங், மூன்று டிசிபி, ஐந்து சுமை, பத்து ஓட்டம். பெருக்கினால் 300 ஓட்டங்கள். என் கணினியில் ஒன்றுக்கு 4 நிமிடம் ஆனது. மொத்தம் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். நான்கு கோர்களிலும் ஒன்றாக ஓட விட்டால் 5 மணி நேரம், ஓர் இரவு. ஆப்டிமைஸ்டு வகையில் கட்டாமல் இருந்தால் இதே வேலை ஐந்து மடங்கு. ரிவியூவுக்கு முந்தைய நாள் தொடங்கினால் முடியாது. எங்கள் ஊரில் மின்தடை வந்தால் பாதியில் நிற்கும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவையும் உடனுக்குடன் தனிக் கோப்பில் எழுதும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். முடிந்த ஓட்டத்தை அது மறுபடி தொடாது.

8. கணுக்கள் அசைய வேண்டுமென்றால்

கணு தற்செயலாக ஓர் இடத்தையும் வேகத்தையும் தேர்ந்து அங்கே போகும் ரேண்டம் வேபாயின்ட் மாதிரியைத்தான் எடுப்பீர்கள். குறைந்தபட்ச வேகத்தைச் சுழியமாக வைக்காதீர்கள். மிக மெதுவான வேகம் கிடைத்த கணுக்கள் தங்கள் இடத்தைச் சேரவே மிக நீண்ட நேரம் எடுப்பதால், சராசரி வேகம் நேரம் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். 2003இலேயே இதைக் காட்டிவிட்டார்கள், இன்னும் பலர் அப்படியே செய்கிறார்கள். நொடிக்கு 1 மீட்டராவது வையுங்கள், தொடக்கப் பகுதியை முடிவுகளிலிருந்து வெட்டிவிடுங்கள்.

9. அறிக்கை, இதழ், செலவு (கடைசி ஆறு வாரம்)

அறிக்கையை நான்காம் செமஸ்டரின் கடைசியில் எழுதத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அதன் அமைப்பை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். மென்பொருள் பதிப்பு, வானொலி மாதிரி, வேகம், வரிசை அளவுகள், பாக்கெட் அளவு, ஓட்ட எண்கள். அவை சேர்ந்ததே பின்னால் ஓர் அத்தியாயம் ஆகிவிடும்.

எழுத்து ஒற்றுமைச் சோதனைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்திய பிரதியைக் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள், கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்தாகும். நம் துறையில் ஒற்றுமை ஏறுவது பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்தில். ஏஓடிவி விளக்கத்தை எல்லோரும் ஒரே இடத்திலிருந்து எடுக்கிறார்கள். ஆர்எஃப்சியைப் படித்து மூடிவைத்துவிட்டு, உங்கள் எட்டுக் கணு வலையமைப்பையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்கி எழுதுங்கள். எனக்கு முதலில் 23 சதவீதம் வந்தது, அந்த ஒரு அத்தியாயத்தை அப்படி மாற்றியதும் 8க்கு இறங்கியது.

இதழில் வெளியிடச் சொல்வார்கள். "மூன்று நாளில் ஏற்பு, கட்டணம் இவ்வளவு" என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத வேண்டாம். யுஜிசி அங்கீகரித்த இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது. பணம் கட்டுமுன் துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நல்ல இதழின் மதிப்பாய்வு பல மாதம் எடுக்கும். ஆகவே நான்காம் படியின் முடிவுகளையே ஒரு சிறு கட்டுரையாக எழுதி, முதல் கட்டம் முடியும்போதே ஒரு மாநாட்டுக்கு அனுப்புவது நல்லது.

அச்சுச் செலவு: 78 பக்கம், அதில் 18 வண்ணப் பக்கம், கெட்டி அட்டை, நான்கு பிரதி. எனக்கு 1,900 ரூபாய் ஆனது. வரைபடங்களை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் கோட்டின் வடிவத்தாலும் வேறுபடுத்தினால் வண்ணப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே அச்சிடலாம், பாதிக்கு மேல் மிச்சம். சமர்ப்பிக்கும் வாரத்தில் கல்லூரிக்கு எதிரே உள்ள எல்லாக் கடைகளிலும் கூட்டம் நெரியும். பத்து நாள் முன்னதாகப் போங்கள். உறுதிமொழிச் சான்றிதழில் வழிகாட்டியின் கையொப்பமும் துறைத்தலைவரின் கையொப்பமும் பைண்டிங்குக்கு முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறுகிறது.

10. வைவாவுக்கு

நிரல், ஸ்கிரிப்ட், மூலக் கோப்புகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரே அடைவில், படம் வாரியாகப் பிரித்து எடுத்துப் போங்கள். ஒவ்வொரு படத்தின் அடைவிலும் எந்தக் கட்டளையால் அது உருவானது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மடிக்கணினியில் என்எஸ்-3 ஓடுகிறதா என்று காலையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

என் வெளித்தேர்வாளர் படம் 5.6ஐக் காட்டி, அதில் ஓட்ட எண் 7க்கு வந்த மதிப்பு என்ன, இப்போது ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். அடைவைத் திறந்து அந்த ஒரு வரியை எடுத்து ஓட்டினேன். நான்கு நிமிடம் ஆனது. அதுவரை அவர் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காத மறைந்த கணுக்களைப் பற்றியும் ஏஓடிவியின் ஹலோ செய்திகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பில் இருந்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தன.